நீதிமன்ற வேலைக்கு முன்பணம் கேட்கிறார்கள்: வடசென்னைப் பிள்ளைகள் உள்ளே நுழைய உண்மையான வழிகள் எவை?

கொருக்குப்பேட்டை அண்ணன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தங்கை இந்த ஆண்டு பி.காம். முடித்திருக்கிறாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை மாநகராட்சிப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள். கல்லூரிக்குப் போய்க்கொண்டே மாலையில் தட்டச்சு பழகி, தமிழில் முதுநிலையும் ஆங்கிலத்தில் இளநிலையும் தேறிவிட்டாள். நீதிமன்றத்தில் வேலை பார்க்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை.

எங்கள் பகுதியில் எல்லோருக்கும் அறிமுகமான ஒருவர், நீதிமன்றத்தில் இளநிலை உதவியாளர் வேலை வாங்கித் தருவதாகவும், அதற்கு மூன்று லட்ச ரூபாய் ஆகும் என்றும், பாதியை முன்பணமாகக் கொடுத்தால் இரண்டே மாதத்தில் ஆணை வந்துவிடும் என்றும் என் தாயாரிடம் கூறியிருக்கிறார். அப்பா இல்லாத வீடு. பெண்ணுக்கு அரசு வேலை கிடைத்தால் போதும் என்று அம்மா இருக்கிற நகையை அடகு வைக்கத் தயாராகிவிட்டார். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஆனால் "நீ வேறு வழி சொல்" என்று அம்மா கேட்கும்போது சொல்வதற்கு என்னிடம் எதுவும் இல்லை.

நீதிமன்றப் பணியாளர்களை உண்மையில் யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? வேலை கிடைக்கும்வரை தம்புச் செட்டித் தெருவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சராகச் சேரலாமா? இரவு எட்டு மணி வரை இருக்க வேண்டும் என்கிறார்கள். விவரம் அறிந்தவர்கள் கூறினால் என் தாயாருக்கு அப்படியே படித்துக் காட்டுவேன்.

ஓய்வுபெற்ற சிரஸ்தார், பழைய வண்ணாரப்பேட்டை எழுதியது:

தம்பி, நீதிமன்ற அலுவலகத்தின் தலைமை ஊழியரான சிரஸ்தாராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். முதலில் உங்கள் தாயாரிடம் அந்த நகையைப் பீரோவில் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள். அந்த மனிதருக்கு மேலிடத்தில் ஆள் இருக்கிறதா என்று விசாரிக்கவே வேண்டாம். வேலை கொடுக்கப்படும் முறையே அவர் சொல்வதற்கு இடம் தராது.

கீழமை நீதிமன்றங்களில் இளநிலை உதவியாளர், தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் ஆகிய பணியிடங்கள் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குரூப் 4 தேர்வின் வழியாக நிரப்பப்படுகின்றன. மதிப்பெண்ணும், இடஒதுக்கீட்டு வரிசையான இனச்சுழற்சியும் சேர்ந்து தரவரிசையைத் தீர்மானிக்கின்றன. கலந்தாய்வில் தமது முறை வரும்போது, மீதமிருக்கும் இடங்களிலிருந்து துறையையும் மாவட்டத்தையும் தேர்வரே தேர்ந்தெடுக்கிறார். பணியிலிருக்கும்போது இறந்த ஊழியரின் வாரிசுக்குக் கருணை அடிப்படையில் தரப்படும் நியமனம் இதற்கு ஒரு விலக்கு. மற்றபடி, எந்தத் தரகரும் எந்த அதிகாரியும் அந்த வரிசைக்கு வெளியே நிற்கும் ஒரு பெண்ணை உள்ளே கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைக்க முடியாது. இன்னொன்றையும் தாயாருக்குச் சொல்லுங்கள். ஊழல் தடுப்புச் சட்டம் 2018-இல் திருத்தப்பட்ட பிறகு, அரசு ஊழியரை வளைப்பதற்காகப் பணம் கொடுப்பதும் தனிக் குற்றம். ஏமாந்த பிறகு புகார் கொடுக்கப் போனால், எதற்காகக் கொடுத்தீர்கள் என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இனி வழிக்கு வருகிறேன். தேர்வாணையத்தின் இணையதளத்தில் நிரந்தரப் பதிவு செய்துகொள்வதற்கு 150 ரூபாய்க் கட்டணம், அது ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். குரூப் 4 தேர்வில் 200 வினாக்கள், 300 மதிப்பெண்கள், மூன்று மணி நேரம். இவற்றில் சரிபாதி தமிழ்த் தகுதி மற்றும் மதிப்பீட்டுத் தேர்வு. அதற்குரிய 150 மதிப்பெண்ணில் 60 எடுக்காதவரின் மற்றப் பகுதி கணக்கில் கொள்ளப்படாது. மற்றப் பாதியில் 75 வினாக்கள் பொது அறிவிலும் 25 வினாக்கள் திறனறிவிலும் வரும். மாநகராட்சிப் பள்ளியில் தமிழிலேயே படித்த உங்கள் தங்கைக்குப் பாதித் தாள் தாய்மொழியில் இருப்பது ஒரு பலம். தமிழ்வழியில் படித்தோருக்கான 20 விழுக்காட்டு முன்னுரிமை மற்றொரு பலம், அதற்கான சான்றிதழைப் பள்ளியில் இப்போதே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு வந்த பிறகு தலைமையாசிரியர் அறைக்கு வெளியே கூட்டம் நிற்கும். இவை போக, பெண்களுக்கு 30 விழுக்காட்டு ஒதுக்கீடும் உண்டு.

தட்டச்சர் பதவிக்குத் தமிழ் முதுநிலையும் ஆங்கில இளநிலையும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆனால் இரண்டிலும் முதுநிலை தேறியவர்களையே முதலில் எடுப்பார்கள். ஆகவே ஆங்கில முதுநிலையை அவர் விட்டுவிடக் கூடாது. இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொற்கள், முதுநிலைக்கு 45. தமிழில் முதுநிலை தேறிய விரலுக்கு ஆங்கில வேகம் எட்டாத ஒன்றல்ல. அலுவலகத் தானியக்கம் குறித்த அரசுக் கணினிச் சான்றிதழையும் கூடவே முடித்துவிட வேண்டும்.

பயிற்சிக்குப் பணம் செலவழிக்கவும் தேவையில்லை. பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரி வளாகத்தில் தமிழக அரசின் போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் கட்டணமின்றி நடக்கிறது. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்த்துச் சேர்க்கிறார்கள். கொருக்குப்பேட்டையிலிருந்து எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும். நம் பகுதியில் இப்படி ஒன்று இருப்பது நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

பெரம்பூர் வழக்கறிஞர் எழுதியது:

சிரஸ்தார் ஐயா கூறிய ஒவ்வொன்றும் சரி. ஆயினும் தேர்வு ஒன்றே வழி என்ற எண்ணம் அந்தக் குடும்பத்துக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். 2024-ஆம் ஆண்டு குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். இடங்களின் எண்ணிக்கை பின்னர் கூடியது என்றாலும், அத்தனை துறைகளுக்கும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. நீதித்துறைக்கு வருவது அதில் ஒரு பங்கு மட்டுமே. இரண்டு மூன்று ஆண்டுகளை வீட்டில் புத்தகத்தோடு மட்டும் கழித்துவிட்டு, கையில் தொழிலும் இல்லாமல் மனமும் சோர்ந்து நிற்கும் பிள்ளைகளை நான் நிறையப் பார்க்கிறேன்.

பாரிமுனையைச் சுற்றியுள்ள தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, அரண்மனைக்காரத் தெரு ஆகியவற்றில் உள்ள வழக்கறிஞர் அலுவலகங்களில் நல்ல தட்டச்சருக்கும் நல்ல குமாஸ்தாவுக்கும் எப்போதும் தேவை இருக்கிறது. குமாஸ்தா வேலை என்றால் வழக்குக் கட்டுத் தூக்கும் வேலை என்று வெளியில் நினைக்கிறார்கள். மறுநாள் வழக்குப் பட்டியலை முந்தைய மாலையே பார்த்து, எந்த நீதிமன்றத்தில் எத்தனையாவது எண்ணாக நம் வழக்கு வருகிறது என்று குறித்து, உரிய கட்டுகளை எடுத்து வைப்பதில் அவருடைய வேலை தொடங்குகிறது. வழக்கறிஞரை அமர்த்தும் வக்காலத்துப் பத்திரத்தில் கட்சிக்காரர் கையெழுத்து விடுபட்டிருக்கிறதா, நீதிமன்றக் கட்டண வில்லை சரியாக ஒட்டப்பட்டிருக்கிறதா, சம்மனைக் கொண்டு சேர்ப்பதற்கான கட்டணமான பேட்டா கட்டியாயிற்றா, நகல் மனு எந்த நிலையில் இருக்கிறது என்பவையெல்லாம் அவர் தலைமேல்தான். தாக்கல் செய்த மனு குறையோடு ரிட்டர்ன் ஆகி, அதாவது திருப்பப்பட்டு வந்தால், அந்தக் குறையைச் சரிசெய்து குறித்த நாளுக்குள் மீண்டும் தாக்கல் செய்யாவிட்டால், தாமதத்தை மன்னிக்கக் கோரி இன்னொரு மனு போட வேண்டிவரும். அந்த நாளை மறக்காமல் வைத்திருக்கும் குமாஸ்தா இல்லாத அலுவலகம் எவ்வளவு பெரிய வழக்கறிஞருடையதாக இருந்தாலும் தள்ளாடும்.

இப்போது இணையவழித் தாக்கல் வந்துவிட்டதால் இந்த வேலையின் முகமே மாறியிருக்கிறது. ஆவணங்களை ஸ்கேன் செய்து, பக்க எண் இட்டு, பி.டி.எஃப். கோப்பாக்கி, உரிய தலைப்பின்கீழ் ஏற்றத் தெரிந்தவர்களை இன்று அலுவலகங்கள் தேடுகின்றன. கீழமை நீதிமன்றங்களில் சாட்சியம் தமிழில் பதிவாகிறது, வழக்குரையான பிராதும் மனுவும் தமிழில் வருகின்றன. யூனிகோடு தமிழில் பிழையில்லாமல் வேகமாக அடிக்கத் தெரிந்த பெண்ணுக்கு, பழைய எழுத்துருவில் மட்டும் அடிக்கத் தெரிந்தவரைவிட மதிப்பு அதிகம். முதுநிலைத் தமிழ் தட்டச்சு முடித்த தங்கை அந்த இடத்தில் ஏற்கனவே பாதி வழி வந்துவிட்டார்.

வழக்கறிஞர் குமாஸ்தாக்களுக்கு 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சேமநல நிதியும் இருக்கிறது. பதிவு செய்துகொண்டு அடையாள அட்டை பெற்றவருக்குத்தான் அதன் பயன் கிடைக்கும். ஆகவே சேரும்போதே பதிவைப் பற்றிக் கேட்க வேண்டும்.

திருவொற்றியூர் தட்டச்சர் எழுதியது:

வழக்கறிஞர் ஐயா கூறியதில் எனக்கு மறுப்பில்லை. நானும் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்துகொண்டே குரூப் 4 எழுதி நீதிமன்றப் பணிக்கு வந்தவள்தான். ஆனால் ஒரு பெண் பிள்ளையை அனுப்பும் குடும்பத்துக்குத் தெரிய வேண்டிய ஒன்று அவர் எழுத்தில் விடுபட்டிருக்கிறது. பகலெல்லாம் வழக்கறிஞர் நீதிமன்றத்தில் இருப்பார், கட்சிக்காரர்கள் அலுவலகத்துக்கு வருவது மாலையில். உண்மையான தட்டச்சு வேலை ஐந்து மணிக்கு மேல்தான் குவியும். எட்டு மணி என்று சொல்லும் இடத்தில், மறுநாள் தடையுத்தரவு மனு இருந்தால் ஒன்பதரை ஆகும். பிறகு கடற்கரை நிலையத்துக்கு நடந்து, ரயில் பிடித்து, இறங்கி வீடு போய்ச் சேர்ந்து, அதற்கு மேல் எங்கே படிப்பது? வேலைக்குப் போய்க்கொண்டே தேர்வுக்குத் தயாராகலாம் என்று சொல்வது எளிது, அந்த ஏற்பாட்டில் முதலில் அடிபடுவது தேர்வுதான்.

ஆகவே போகவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்த நேரத்துக்குக் கிளம்பலாம், சம்பளம் எந்தத் தேதியில், தேர்வுக்கு முந்தைய மாதம் விடுப்புக் கிடைக்குமா என்பவற்றை முதல் நாளே வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். பேசத் தயங்கினால் பிறகு பேசவே முடியாது. காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்தரை வரை மட்டும் ஆள் வைத்துக்கொள்ளும் அலுவலகங்களும் இருக்கின்றன, சம்பளம் கொஞ்சம் குறைவாக இருக்கும். படிக்க நேரம் கிடைக்கிறது என்பதால் அதைத்தான் நான் தேர்ந்தெடுத்தேன்.

பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொந்தரவு பற்றிய 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பத்துப் பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் இடங்களுக்கும் பொருந்தும். அத்தகைய இடத்தில் புகாரை விசாரிக்கும் உள் குழு இருக்காது. புகாரை மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் கொடுக்க வேண்டும். வழக்கறிஞர் அலுவலகங்களில் பெரும்பாலானவை மூன்று பேர், நான்கு பேர் கொண்ட சிறிய இடங்கள்தாம். சட்டம் பேசும் இடத்தில் வேலை பார்க்கும் பெண்களுக்கே இது தெரியாமல் இருப்பதைக் கண்டிருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன்.

பெரம்பூர் வழக்கறிஞர் எழுதியது:

சகோதரி கூறியது முற்றிலும் நியாயம். நேரத்தைப் பற்றி முதல் நாளே பேச வேண்டும் என்பதை நான் என் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும். இரவு எட்டு மணி என்று முன்கூட்டியே சொல்லும் அந்தத் தம்புச் செட்டித் தெரு அலுவலகம் தேர்வுக்குப் படிக்கும் பெண்ணுக்கு ஏற்ற இடமன்று. பகல் நேர இடம் ஒன்றைத் தேடட்டும்.

காசிமேட்டுத் தந்தை எழுதியது:

என் மகன் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டான். தட்டச்சு தெரியாது. கடலுக்குப் போக அவனுக்கு விருப்பமில்லை, எனக்கும் இல்லை. இவனைப் போன்றவர்களுக்கு நீதிமன்றத்தில் இடம் உண்டா?

வியாசர்பாடி கட்டளைப் பணியாளர் எழுதியது:

உண்டு ஐயா. நான் நீதிமன்றத்தில் சம்மன் சார்பு செய்யும், அதாவது சம்மனை உரியவரிடம் நேரில் சேர்க்கும் பணியில் இருக்கிறேன். சிரஸ்தார் ஐயா சொன்ன குரூப் 4 வழியாக வராத பணியிடங்கள் நீதிமன்றத்தில் பல உள்ளன. நீதிமன்ற ஆணைகளை நேரில் நிறைவேற்றும் இளநிலை அமீனா, முதுநிலை அமீனா, என்னைப் போன்ற கட்டளைப் பணியாளர், நகல் பிரிவு உதவியாளர், ஜெராக்ஸ் இயக்குநர், ஓட்டுநர், அலுவலக உதவியாளர், இரவுக் காவலர், தூய்மைப் பணியாளர் ஆகியோரைச் சென்னை உயர் நீதிமன்றமே அறிவிப்பு வெளியிட்டுத் தேர்ந்தெடுக்கிறது. மாவட்ட நீதிமன்றங்களுக்காக 2021-இல் 3,557 இடங்களுக்கும் 2024-இல் 2,329 இடங்களுக்கும் அவ்வாறு அறிவிப்பு வந்தது. ஆண்டுதோறும் வருவதில்லை, வரும்போது விண்ணப்பிக்கத் தரும் கால அவகாசமும் நீளமாக இருப்பதில்லை. ஆகவே உயர் நீதிமன்றத்தின் ஆள்சேர்ப்பு இணையதளத்தை மகன் அடிக்கடி பார்க்கப் பழக வேண்டும். அலுவலக உதவியாளருக்கு எட்டாம் வகுப்புப் போதும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்கு மேலே சொன்ன வேறு சில பதவிகளும் திறக்கும். அதோடு, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றவர் குரூப் 4 தேர்வையும் எழுதலாம், அதை அவர் மறந்துவிட வேண்டாம்.

இந்த வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டு வருவது நல்லது. சம்மனில் "பழைய எண் 14, புதிய எண் 31" என்று இருக்கும். தெருவுக்குள் போனால் ஒரு வீட்டில் பழைய எண் மட்டும் எழுதியிருக்கும், அடுத்த வீட்டில் புதிய எண் மட்டும் இருக்கும், மூன்றாவது வீட்டில் ஒன்றுமே இருக்காது. குடியிருப்பு வாரியக் கட்டடமாக இருந்தால் பிளாக் எண் அழிந்திருக்கும். பெயரைச் சொல்லிக் கேட்டால், கையில் காகிதத்தோடு வந்தவன் யாரோ என்று அக்கம்பக்கத்தில் வாய் திறக்க மாட்டார்கள். சைக்கிள் கடை, இஸ்திரி வண்டி, பால் பூத், இந்த மூன்றிடத்தில் கேட்டால் பெரும்பாலும் வீடு கிடைத்துவிடும். வீட்டில் பிரதிவாதி இல்லை, எப்போது வருவார் என்றும் தெரியவில்லை என்றால், உரிமையியல் வழக்கின் சம்மனை உடன் வசிக்கும் வயதுவந்த குடும்பத்தினரிடம் கொடுக்கலாம், அவர் ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும் சரி. ஆனால் வேலைக்காரரிடம் கொடுக்கக் கூடாது. வாங்க மறுத்தால் கதவில் ஒட்டிவிட்டு, எந்த நேரத்தில், எந்தச் சூழ்நிலையில், யார் வீட்டை அடையாளம் காட்டினார்கள் என்று அறிக்கை எழுத வேண்டும். அந்த அறிக்கையை நம்பித்தான் நீதிபதி ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பளிக்கலாமா என்று முடிவெடுப்பார். வீட்டைப் பார்க்காமலேயே "கதவு பூட்டியிருந்தது" என்று எழுதிவிட்டால், விவரமே அறியாத ஒரு குடும்பம் வீட்டை இழக்க நேரலாம். காசிமேட்டுச் சந்துகளில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு இந்த வேலையில் ஒரு தகுதி இயற்கையாகவே இருக்கிறது என்று நான் மனப்பூர்வமாக நம்புகிறேன்.

வியாசர்பாடி இளம் வழக்கறிஞர் எழுதியது:

சட்டம் படிக்கலாமா என்று தயங்கும் பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். 1891-இல் தொடங்கிய சென்னை அரசு சட்டக் கல்லூரி உயர் நீதிமன்றத்தை ஒட்டியே இருந்தது. வகுப்பு முடிந்ததும் நடந்துபோய் நீதிமன்ற நடவடிக்கையைப் பார்க்கலாம். வடசென்னையின் எந்த மூலையிலிருந்தும் பிராட்வேக்கு ஒரே பேருந்தில் வந்துவிடலாம். எங்கள் பகுதியில் முதல் தலைமுறையாகச் சட்டம் படித்தவர்கள் பலர் உருவானதற்கு அந்த அண்மை ஒரு காரணம். 2018-இல் அக்கல்லூரி நகருக்கு வெளியே பட்டரைப்பெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்குமாகப் பிரித்து மாற்றப்பட்டது. இன்று ஒரு வியாசர்பாடி மாணவி வகுப்புக்குப் போய் வரவே நாளில் பாதியைச் செலவிட வேண்டியிருக்கிறது. இதை நான் இன்றும் நம் பகுதிக்கு நேர்ந்த இழப்பாகவே கருதுகிறேன்.

ஆனால் சில கதவுகள் முன்பைவிட அகலமாகியிருக்கின்றன. வழக்கறிஞராகப் பதிவு செய்ய, அப்பதிவை நடத்தும் பார் கவுன்சில்கள் பல்லாயிரம் ரூபாய் வாங்கிவந்ததை உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தடுத்தது. சட்டத்தில் உள்ளபடி பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாயும், பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாயும் மட்டுமே வாங்கலாம். அதே ஆண்டு ஜூனில், இளம் வழக்கறிஞர்களைச் சம்பளமின்றி வேலை வாங்குவது தகாது என்று கூறி, சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் பிற இடங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாகக் கொடுக்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பும்படி சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாடு பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. நடைமுறையில் எல்லா அலுவலகமும் அவ்வளவு தருவதில்லை. ஆனாலும் சேரும்போது அந்தத் தொகையைச் சொல்லிப் பேச்சைத் தொடங்கும் துணிவு இப்போது நமக்கு இருக்கிறது.

நீதிபதியாக வேண்டும் என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உரிமையியல் நீதிபதி தேர்வுக்கு மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்துவிட்டது. பட்டம் வாங்கிய கையோடு எழுதலாம் என்ற நிலை போய்விட்டது. நீதிபதிகளிடம் சட்ட எழுத்தராகப் பணியாற்றிய காலமும் அந்த அனுபவத்தில் சேரும் என்பது ஆறுதல். உதவி அரசு வழக்கறிஞர் பதவிக்குக் குற்றவியல் நீதிமன்றத்தில் ஐந்தாண்டு அனுபவம் வேண்டும்.

புதிதாகப் பதிவு செய்தவர்கள் நிறையப் பேருக்குத் தெரியாத இன்னொரு வாய்ப்பு, இலவச சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் கீழ் 2022-இல் வந்த சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் முறை. வழக்கறிஞர் வைக்க இயலாத குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக முழுநேரமாக வழக்காடும் பணி அது. தலைமைப் பொறுப்புக்குப் பத்தாண்டு அனுபவம் கேட்கிறார்கள். ஆனால் உதவி வழக்கறிஞர் நிலையில் மூன்றாண்டு வரை மட்டும் அனுபவம் உள்ளவர்களை எடுக்கிறார்கள். ஒப்பந்தப் பணிதான், நிரந்தரம் இல்லை. ஆனாலும் புழல் சிறையில் ஜாமீன் மனுவுக்குக் காத்திருக்கும் நம் தெருப் பையனுக்காக, அவன் பேசும் பேச்சு புரிந்த ஒருவர் வாதாடுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை நான் நேரில் கண்டு சொல்கிறேன். அந்த அலுவலகங்களுக்கு எழுத்தர், தரவு உள்ளீட்டாளர் ஆகியோரையும் ஒப்பந்தத்தில் எடுக்கிறார்கள் என்பதைக் கொருக்குப்பேட்டை அண்ணனும் குறித்துக்கொள்ளலாம்.

புளியந்தோப்பு சட்டத் தன்னார்வலர் எழுதியது:

சட்டப் பணிகள் ஆணைக்குழு என்ற பெயர் வந்ததால் ஒரு தெளிவு. ஆணைக்குழுவின் சார்பில் மக்களுக்கு வழிகாட்டும் சட்டத் தன்னார்வலர் பணியை அரசு வேலை என்று சொல்லி, அதற்கும் பணம் வசூலிப்பவர்கள் நம் பகுதியில் இருக்கிறார்கள். அது வேலை அன்று. பணிக்கு அனுப்பப்படும் நாளுக்கு மட்டும் மதிப்பூதியம் தருவார்கள். நிரந்தரமாக்கக் கோரும் உரிமை இல்லை. தேர்வும் பயிற்சியும் இலவசம். வருமானத்துக்காக வருபவர் ஏமாந்துபோவார். காவல் நிலையத்தில், முதியோர் உதவித்தொகை அலுவலகத்தில், குடும்ப நீதிமன்ற வாசலில் விவரம் தெரியாமல் நிற்கும் பெண்களுக்கு வழிகாட்ட விரும்புபவர் வரட்டும். பெண்களும், குழந்தைகளும், பட்டியல் சாதி, பழங்குடியினரும், மாற்றுத் திறனாளிகளும், காவலில் இருப்பவர்களும் வருமானம் எவ்வளவு என்ற கேள்வியின்றி இலவச வழக்கறிஞரைப் பெறலாம் என்பதைத் தெரியாதவர்கள்தான் நம் தெருக்களில் இன்னும் அதிகம். 15100 என்ற உதவி எண்ணை அம்மாமார்களிடம் சொல்லி வையுங்கள்.

கொருக்குப்பேட்டை அண்ணன் எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. எல்லாவற்றையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சிரஸ்தார் ஐயா எழுதிய கலந்தாய்வு விவரத்தைக் கேட்டதும், "அப்படியானால் அந்த ஆள் யாரிடம் போய்ச் சொல்லுவான்?" என்று அவரே கேட்டார். பணம் கொடுப்பதில்லை என்று முடிவாகிவிட்டது. தங்கை தியாகராயா கல்லூரி மையத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். வழக்கறிஞர் ஐயா கூறியபடி பகல் நேர அலுவலகம் ஒன்றையும் தேடுகிறோம்.

இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. அந்த மனிதர் எங்கள் பக்கத்துத் தெருவில் வேறு இரண்டு குடும்பங்களிடம் ஏற்கனவே பணம் வாங்கியிருப்பதாகத் தெரியவந்தது. அவர்கள் என்ன செய்யலாம்? அடுத்து, தங்கை ஆங்கில முதுநிலையோடு சுருக்கெழுத்தும் கற்றுக்கொள்ளலாமா, அல்லது அது தேர்வுப் படிப்பைக் கெடுக்குமா?

ஓய்வுபெற்ற சிரஸ்தார், பழைய வண்ணாரப்பேட்டை எழுதியது:

உங்கள் தாயார் கேட்ட கேள்வியே சரியான கேள்வி.

அந்த இரண்டு குடும்பங்களும் தாமதிக்காமல் எழுத்துமூலமாகப் புகார் கொடுக்க வேண்டும். வேப்பேரியில் உள்ள காவல் ஆணையர் அலுவலகத்தில் இயங்கும் மத்தியக் குற்றப்பிரிவில் வேலைவாய்ப்பு மோசடிகளை விசாரிக்கவே தனிப் பிரிவு இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவு ஏமாற்றுதலுக்கு உரியது, முன்பு 420 என்று அழைக்கப்பட்டது அதில்தான் அடங்குகிறது. வங்கி வழியாகவோ ஜிபே வழியாகவோ பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவுகளையும், வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் முழுமையாகவும், போலி ஆணை ஏதும் கொடுத்திருந்தால் அதன் மூலத்தையும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று அந்த ஆள் கெஞ்சி நாள் கேட்பார். நாள் கொடுக்கக் கொடுக்க ஆதாரம் கரையும். பணம் கொடுத்தவர்கள் தங்கள் பக்கத்துச் சிக்கலுக்கு அஞ்சினால், மேலே தன்னார்வலர் கூறியபடி சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு வழக்கறிஞரிடம் முதலில் ஆலோசனை பெற்றுக்கொண்டு, நடந்ததை நடந்தபடியே எழுதிக் கொடுக்கட்டும்.

சுருக்கெழுத்தைப் பொறுத்தவரை, கற்றுக்கொள்ளட்டும் என்பதே என் கருத்து, ஆனால் இப்போது வேண்டாம். இளநிலை உதவியாளருக்கும் தட்டச்சருக்கும் அடிப்படை ஊதியம் 19,500 ரூபாயில் தொடங்குகிறது, சுருக்கெழுத்துத் தட்டச்சருக்கு 20,600. வேறுபாடு சிறியதுதான். ஆனால் நீதிபதி சொல்லச் சொல்ல எழுதி, அதைத் தீர்ப்பாகத் தட்டச்சு செய்து வைக்கும் ஆட்களுக்கு நீதிமன்றங்களில் என்றும் பற்றாக்குறைதான். தட்டச்சு தேறியவர்கள் நிறைந்திருக்க, சுருக்கெழுத்துத் தேறியவர்கள் சிலராகவே இருப்பதால் அந்த வரிசை குட்டையானது. பட்டப்படிப்பு முடித்திருப்பதால், உங்கள் தங்கை இடஒதுக்கீட்டுப் பிரிவைச் சேர்ந்தவராக இருந்தால் குரூப் 4 தேர்வில் இந்தப் பதவிகளுக்கு உயர்வயது வரம்பும் அவருக்கு இராது. எனவே அவசரப்பட்டு மூன்றையும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டியதில்லை. அடுத்து வரும் அரசுத் தட்டச்சுத் தேர்வில் ஆங்கில முதுநிலையை முடிக்கட்டும். பிறகு சுருக்கெழுத்தைத் தமிழில் தொடங்கட்டும். பயிலகத்தில் காலை ஆறு மணி வகுப்பு இருக்கிறதா என்று விசாரியுங்கள். அப்படிக் கிடைத்தால் பத்து மணிக்கு அலுவலகத்துக்கும், மாலையில் படிப்புக்கும் நேரம் இருக்கும். அந்தப் பகல் நேர அலுவலகம் கிடைத்ததும் இங்கே எழுதுங்கள். என்னென்ன கேட்டுச் சேர வேண்டும் என்பதைத் திருவொற்றியூர் அம்மாவும் நானும் சேர்ந்து எழுதித் தருகிறோம்.